அறிந்தோர் கடன்: கடலடித் தந்தியின் வரலாறு எழுப்பும் ஓர் அறவியல் வினா

அறியாமை குற்றமாகுமா என்னும் வினா அறவியலில் மிகப் பழையது. அயலில் ஒருவன் பசியால் மடிவதைக் கண்டும் காணாதவன்போற் செல்பவனைச் சமூகம் பழிக்கின்றது. ஆயிரம் மைல்களுக்கு அப்பால் மடிபவனைப் பற்றி யாதும் அறியாதவனை எவரும் பழிப்பதில்லை. அறியாதவனுக்குக் கடமையில்லை என்பது பொதுவாக ஒப்புக்கொள்ளப்பட்ட நியாயம். அவ்வாறாயின், அறியும் வழி திறந்துவிட்டால் அவ்வழியே கடமையும் வந்து சேருமா? தூரம் அழிந்தால் அந்நியம் அழியுமா? 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் கடலின் அடியில் தந்திக் கம்பி இடப்பட்டபோது, தத்துவ நூல்களின் அளவில் நின்ற இவ்வினா நடைமுறை வாழ்வின் வினாவாக மாறியது. அவ்வரலாற்றை நுணுகி நோக்கின் இவ்வினாவுக்கு ஓரளவேனும் தெளிவான விடையைக் காணலாம்.

கம்பி இடப்படுவதற்கு ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக்கு முன்னரே இப்பிரச்சினையைக் கூர்மையாக முன்வைத்தவர் அடம் சிமித் ஆவார். பொருளியலறிஞராகவே பெரிதும் அறியப்பட்ட அவர், 1759இல் ஒழுக்க உணர்வுகள் பற்றி எழுதிய நூலில் ஓர் உதாரணத்தைக் காட்டுகின்றார். சீனப் பேரரசு முழுவதையும் பூமியதிர்ச்சி ஒன்று விழுங்கிவிட்டதாகக் கொள்வோம். அச்செய்தியைக் கேட்கும் ஐரோப்பிய மனிதன் ஒருவன், இரக்கமுள்ளவனேயாயினும், சிறிது வருந்துவான். வாழ்வின் நிலையாமை பற்றிச் சில வார்த்தைகள் பேசுவான். பின்னர் தன் அலுவலைப் பார்க்கச் சென்று அன்றிரவு நன்றாக உறங்குவான். ஆனால் மறுநாள் தன் சின்னவிரலை இழக்கவேண்டும் என அறிந்தால் அவனுக்கு அன்றிரவு உறக்கம் வராது. மனித உணர்ச்சியின் இயல்பு இதுவே என்கின்றார் சிமித். எனினும் அவர் அத்துடன் நிற்கவில்லை. தன் விரலைக் காப்பதற்காக அத்தனை கோடி உயிர்களைப் பலிகொடுக்க அம்மனிதன் உடன்படுவானா என அடுத்து வினவுகின்றார். உடன்படமாட்டான் என்பதே அவரது விடை. அவனைத் தடுப்பது இரக்கம் என்னும் மெல்லிய உணர்ச்சியன்று. பகுத்தறிவும் மனச்சான்றுமே என்பது அவர் துணிபு. உணர்ச்சி தூரத்தால் தேயும், மனச்சான்று தேயவேண்டியதில்லை. இவ்வேறுபாடு பின்வரும் ஆராய்ச்சிக்கு அடிப்படையானது.

செய்தி மெதுவாகச் சென்ற காலத்தில் அறியாமையின் விலை உயிராகவும் இருந்தது. பிரித்தானியாவுக்கும் ஐக்கிய அமெரிக்காவுக்கும் இடையே நிகழ்ந்த போரை முடிக்கும் உடன்படிக்கை 1814 டிசம்பர் 24ஆந் திகதி கென்ற் நகரில் ஒப்பமிடப்பட்டது. ஆனால் அச்செய்தி கடல் கடந்து சேருமுன்னர், 1815 ஜனவரி 8ஆந் திகதி, நியூ ஓர்லியன்சில் இரு படைகளும் மோதின, நூற்றுக்கணக்கானோர் மாண்டனர். 1865 ஏப்ரில் 14ஆந் திகதி ஆபிரகாம் லிங்கன் சுடப்பட்ட செய்தி இலண்டனை அடைய 12 நாள்கள் சென்றன. இலங்கையிலோ, காலித் துறைமுகத்துக்குக் கப்பல் கொண்டுவந்த வெளிநாட்டுச் செய்திகளைக் கொழும்புக்கு விரைவிற் சேர்ப்பதற்கு 1850களில் ஆங்கிலப் பத்திரிகை ஒன்று புறாக்களைப் பயன்படுத்தியது. 1858இல் கொழும்புக்கும் காலிக்குமிடையே தந்தி ஏற்பட்டதும் அப்புறாக்கள் ஓய்வுபெற்றன.

தரையில் தந்திக் கம்பியை மரக்கம்பங்களில் தொங்கவிடலாம். கடலிலோ உப்புநீர் மின்னை ஈர்த்துவிடும். நீர் புகாத உறையொன்று இன்றியமையாததாயிற்று. மலாயாத் தீபகற்பத்திலும் சுமாத்திரா, போர்னியோத் தீவுகளிலும் வளர்ந்த ஒருவகை மரத்தின் பாலாகிய குட்டாபேர்ச்சா அவ்வுறையாக அமைந்தது. 1850இல் டோவருக்கும் கலேக்கும் இடையே முதற்கம்பி இடப்பட்டு உடனடியாகவே பழுதாயிற்று. இரும்புக் கவசமிட்ட கம்பி 1851இல் அங்கு நிலைத்தது. அடுத்த இலக்கு அத்திலாந்திக். அமெரிக்க வணிகரான சைரஸ் பீல்ட் முன்னின்று நடத்திய முயற்சியின் பயனாக, 1858 ஓகஸ்ட் 5ஆந் திகதி அயர்லாந்தின் வலென்சியாத் தீவும் நியூபவுண்லாந்தும் இணைக்கப்பட்டன. விக்ரோறியா மகாராணி சனாதிபதி புக்கானனுக்கு அனுப்பிய 98 சொற்களைக் கொண்ட வாழ்த்தைக் கடத்த ஏறக்குறைய 16 மணித்தியாலங்கள் எடுத்தன. அளவுக்கு மீறிய மின்னழுத்தத்தைச் செலுத்தியமையும் காரணமாக அக்கம்பி சில வாரங்களில் மௌனமாயிற்று. வில்லியம் தொம்சன் வகுத்த நுட்பமான கருவிகளின் துணையுடனும் 'கிறேற் ஈஸ்ரேண்' என்னும் மாபெருங் கப்பலின் துணையுடனும் 1866இலேயே நிலையான இணைப்பு ஏற்பட்டது.

1858இல் இக்கம்பி எழுப்பிய எதிர்பார்ப்பே ஈண்டு முதன்மையாக நோக்கத்தக்கது. நாடுகள் ஒன்றையொன்று அறியாமையாலேயே பகைக்கின்றன. அறியாமை நீங்கின் பகையும் நீங்கும் எனப் பலர் நம்பினர். மேடைகளிலும் தேவாலயங்களிலும் உலக சமாதானம் பேசப்பட்டது. நியூயோர்க்கில் நிகழ்ந்த வாணவேடிக்கையில் நகரசபை மண்டபத்தின் கூரைக் கோபுரமே தீப்பற்றிக்கொண்டது. ஆயினும் அச்சில வாரங்களுள் அக்கம்பி ஆற்றிய பயனுள்ள காரியங்களுள் ஒன்று யாது? இந்தியக் கிளர்ச்சி காரணமாகக் கனடாவிலிருந்து இங்கிலாந்துக்கு வருமாறு பணிக்கப்பட்டிருந்த இரு படைப்பிரிவுகளுக்கு, வரவேண்டியதில்லை என மாற்றுக் கட்டளை அனுப்பியமையாகும். அதனால் பிரித்தானிய அரசுக்கு ஏறக்குறைய 50,000 பவுண் மிச்சமாயிற்று. சமாதானத்தின் தூதுவன் என வரவேற்கப்பட்ட கருவி, பேரரசின் கணக்கப்பிள்ளையாகவே தன் பணியைத் தொடங்கியது எனலாம்.

இவ்விரு பணிகளுக்கும் இடையிலான முரண்பாடு முழுமையாக வெளிப்பட்டது தென்னிந்தியப் பெரும்பஞ்சத்திலேயாகும். 1870இல் இலண்டனுக்கும் பம்பாய்க்கும் இடையே ஜிப்ரால்ரர், மால்ரா, சுயஸ், ஏடன் வழியாகக் கடலடித் தொடர்பு நிறைவுற்றது. அடுத்த சில ஆண்டுகளில் சிங்கப்பூரும் அவுஸ்திரேலியாவும் அதனுடன் இணைந்தன. இவ்விணைப்பு உறுதியாக நிலைபெற்ற பின்னரே 1876இல் பருவமழை பொய்த்தது. 1878 வரை நீடித்த அப்பஞ்சத்தில் 50 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர் எனக் கணிக்கப்படுகின்றது. சென்னை மாகாணமும் மைசூரும் தக்கணமும் பெரிதும் பாதிக்கப்பட்டன. இது அறியாமையின் இருளில் நிகழ்ந்த அழிவன்று. மழையின் அளவும் தானியத்தின் விலையும் இறந்தோர் தொகையும் அரசாங்க அறிக்கைகளில் இடம்பெற்றன. செய்திகள் தந்தியில் இலண்டன் சென்றன. இருந்தும் தனியார் தானிய வாணிபத்தில் அரசு தலையிடலாகாது என்னும் கொள்கையை வைசிராய் லிற்றன் பிரபு கைவிடவில்லை. பஞ்ச நிவாரண வேலைத்தலங்களில் கூலி குறைக்கப்பட்டது. கடின உழைப்புக்கு ஈடாக ஓர் ஆணுக்கு நாளொன்றுக்கு 1 இறாத்தல் தானியமும் சிறு காசுமே உரியதாயிற்று. அதே ஆண்டுகளில் இந்தியக் கோதுமை இங்கிலாந்துக்குக் கப்பலேறியது.

தந்தி இங்கு என்ன செய்தது? தந்தியும் புகையிரதமும் உள்ள நாட்டில் ஓரிடத்துக் குறையை மற்றோரிடத்து மிகுதி நிரப்பிவிடும் என ஆட்சியாளர் நம்பினர். ஆனால் தானியம், பசியுள்ள இடத்தை நாடிச் செல்லவில்லை. பணமுள்ள இடத்தையே நாடிச் சென்றது. ஓரிடத்தில் விலை ஏறிய செய்தியைத் தந்தி பல ஊர்களுக்கு ஒரே நாளிற் பரப்பியதால் பஞ்சமில்லாத இடங்களிலும் விலை ஏறியது என வரலாற்றாசிரியர் மைக் டேவிஸ் 2001இல் வெளியான தமது நூலில் எடுத்துக்காட்டுகின்றார். செய்தி ஒன்றே. அதனைக் கேட்ட வணிகனின் காதில் அது இலாபமாக ஒலித்தது. ஆட்சியாளனின் காதில் செலவாக ஒலித்தது.

ஆயினும் இதனை முழு உண்மையாகக் கொள்வது நீதியாகாது. 1877 ஓகஸ்டில் சென்னை ஆளுநர் இலண்டன் நகர முதல்வருக்கு உதவிகோரித் தந்தி அனுப்பினார். அதன் விளைவாகத் திரண்ட நிதி பல இலட்சம் பவுணை எட்டியது. பஞ்சத்தின் கொடுமையை உலகறியச் செய்தவர்களுள் ஒருவர் வில்லியம் டிக்பி. கொழும்புப் பத்திரிகைத் துறையிற் பணியாற்றிப் பின் சென்னைக்குச் சென்ற இவர், நிவாரண நிதிக் குழுவின் செயலாளராக உழைத்ததுடன் அப்பஞ்சத்தின் வரலாற்றையும் எழுதிவைத்தார். எனவே அதே கம்பி இரக்கத்தையும் கடத்தியது என்பதை மறுத்தற்கில்லை. இரக்கம் கடந்து வந்தது. கொள்கை மட்டும் அசையவில்லை. தனிமனிதர் கொடுத்த காசு சில உயிர்களைக் காத்தது. அரசு கைவிட்டவர்களின் தொகையோ அதனினும் பன்மடங்கு பெரிது.

இப்பஞ்சம் இலங்கைத் தமிழுலகுக்கும் அந்நியமானதன்று. பசியினால் ஊரைவிட்டுப் புறப்பட்ட பல்லாயிரவர் 1877 அளவில் இந்நாட்டின் கோப்பித் தோட்டங்களை நாடி வந்தனர். மன்னார்க் கரையில் இறங்கி மாத்தளை நோக்கிக் காட்டுவழியே நடந்தவர்களுள் வழியிலேயே வீழ்ந்து மடிந்தோர் பலர். இலங்கையும் இந்தியாவும் மன்னார்ப் பகுதிக் கடலினூடாக 1850களின் பிற்பகுதியிலேயே தந்தியால் இணைக்கப்பட்டிருந்தன. கோப்பியின் விலை அக்கடலை நிமிடங்களிற் கடந்தது. கோப்பியைப் பறிக்க வந்தவர்களோ அதே கடலைத் தோணியிலும், அப்பாலுள்ள காட்டைக் கால்நடையிலும் கடந்தனர். அவர்களது துயரத்தை எடுத்துச் செல்ல அக்கம்பியில் இடம் இருந்தது. அதற்குக் கட்டணம் செலுத்துவார்தாம் இலர்.

கட்டணம் என்பது இங்கு அற்ப விடயமன்று. 1866இல் அத்திலாந்திக் கம்பியில் 20 சொற்களைக் கொண்ட செய்திக்கு 20 பவுண் அறவிடப்பட்டது. ஒரு தொழிலாளி பல வாரங்கள் உழைத்து ஈட்டும் தொகை அது. ஆதலால் கம்பியின் முனைகளில் நின்று பேசியவை அரசுகள், வங்கிகள், வணிக நிறுவனங்கள், பத்திரிகைச் செய்தி நிறுவனங்கள் என்பனவே. மனிதகுலம் மனிதகுலத்துடன் பேசுகின்றது எனப் போற்றப்பட்டது. உண்மையில் ஒரு சாரார் தம்முட் பேசினர், ஏனையோர் அவர்தம் பேச்சின் பொருளாயினர். கம்பியின் உறையும் இதற்குச் சான்று. குட்டாபேர்ச்சாவைப் பெற மரத்தைக் கீறினாற் போதாது. வெட்டி வீழ்த்தியே பாலை எடுத்தனர். ஒரு மரம் தந்த பாலோ மிகச் சொற்பம். கம்பித் தொழில் வளர வளர இலட்சக்கணக்கான மரங்கள் வீழ்ந்தன. சிங்கப்பூரிலும் அதன் அயலிலும் அம்மரம் மிக விரைவிலேயே அரிதாயிற்று. உலகை அறிவிக்க வந்த கருவி, தான் அழித்த காட்டைப் பற்றி நெடுங்காலம் எவருக்கும் அறிவிக்கவில்லை.

அறிவு சமாதானத்தைப் பிறப்பிக்கும் என்ற நம்பிக்கைக்கு 1914 இறுதி விடை கூறியது. ஜேர்மனி மீது போர் அறிவித்த மறுநாளான ஓகஸ்ட் 5ஆந் திகதி, பிரித்தானியா செய்த முதற் காரியங்களுள் ஒன்று, ஆங்கிலக் கால்வாயில் ஜேர்மனியின் கடலடிக் கம்பிகளைத் தேடி அறுத்தமையாகும். அதே ஆண்டு செப்ரெம்பரில் சென்னைமீது குண்டு வீசித் தமிழரின் பேச்சுவழக்கிலும் இடம்பிடித்த எம்டன் கப்பல், நவம்பர் 9ஆந் திகதி கொக்கோஸ் தீவிலுள்ள பிரித்தானியக் கம்பி நிலையத்தை அழிக்க ஆட்களை இறக்கிய வேளையிலேயே அவுஸ்திரேலியக் கப்பலொன்றால் தாக்கப்பட்டு முடிவெய்தியது. தன் கம்பிகளை இழந்த ஜேர்மனி, அமெரிக்கத் தூதரகத் தொடர்பின் வழியே 1917 ஜனவரியில் மெக்சிக்கோவுக்கென அனுப்பிய இரகசியத் தந்தி பிரித்தானியர் கையிற் சிக்கியமை, அமெரிக்கா போரில் இறங்குவதற்கு ஒரு காரணமாயிற்று. நாடுகளைப் பிணைக்கவென இடப்பட்ட கம்பி, ஒன்றின் குரலை அறுக்கவும் மற்றொன்றின் பேச்சை ஒட்டுக்கேட்கவும் பயன்பட்டது.

இவற்றைக் கொண்டு, கருவியால் அறம் வளராது. தொலைவிலுள்ளோர் துன்பம் பற்றிய செய்தி வீண் சுமையே என முடிவுகட்டுவாரும் உளர். அவர்களது வாதம் எளிதிற் புறக்கணிக்கத்தக்கதன்று. மனித மனத்தின் கொள்ளளவு சிறிது. உலகின் துயரமெல்லாம் நாள்தோறும் ஒருவன் வாசலில் வந்து குவியுமாயின் அவன் ஒன்றில் உடைந்துபோவான், அல்லது மரத்துப்போவான். செயலாக முடியாத இரக்கம் பழகிப் பழகி ஒரு பொழுதுபோக்காகவும் மாறிவிடக்கூடும். தன் அயலானுக்குச் செய்யவேண்டியதைச் செய்யாதவன் தூரத்தவனுக்காகக் கண்ணீர் வடித்துத் தன்னை நல்லவன் என எண்ணிக்கொள்வதும் உண்டு. எனவே அறியாதிருப்பதே மேல் என்பது இவ்வாதத்தின் முடிபு.

இம்முடிபு ஒரு தவறான அடிப்படையில் நிற்கின்றது. கடமை என்பது உணர்ச்சியின் அளவைப் பொறுத்தது என அது கருதுகின்றது. சிமித் காட்டிய வேறுபாடு இங்குத் துணைபுரிகின்றது. உணர்ச்சி தூரத்தால் தேய்கின்றது என்பது உண்மை. ஆகவே கம்பி எவ்வளவு விரைவாகச் செய்தியைக் கொணர்ந்தாலும் அதனுடன் உணர்ச்சியையும் கொணர்ந்துவிடாது. ஆனால் கடமையை நிர்ணயிப்பது, ஒருவன் எவ்வளவு வருந்துகின்றான் என்பதன்று. அவனால் யாது செய்யவியலும் என்பதும், அத்துன்பத்துடன் அவனுக்கு யாது தொடர்பு என்பதுமேயாகும். கிழக்கு வங்காள அகதிகளின் அவலத்தை முன்னிறுத்தி 1972இல் வெளியான கட்டுரையொன்றில், தூரம் அறவியலில் ஒரு பொருட்டன்று எனப் பீற்றர் சிங்கர் வாதித்தார். விரைவான செய்தித்தொடர்பும் போக்குவரத்தும் ஏற்பட்டபின், தூரத்தவருக்கு உதவ இயலாது என்ற சாட்டு எஞ்சவில்லை என்பது அவர் கருத்து. இக்கூற்றோடு ஒன்றைச் சேர்த்துக்கொள்ளல் வேண்டும். கம்பியின் இருமுனைகளிலும் உள்ளோர் வெறும் பார்வையாளர் அல்லர். இந்தியக் கோதுமையை உண்ட ஆங்கிலேயனும், கோப்பியின் விலையைக் கேட்டறிந்த இலண்டன் வணிகனும் அப்பஞ்சத்துடன் ஏற்கெனவே பொருளாதாரத்தாற் பிணைக்கப்பட்டிருந்தனர். செய்தி புதிய உறவொன்றை உண்டாக்கவில்லை. முன்பே இருந்த உறவை மறைக்க முடியாதபடி செய்தது. எனவே எல்லாத் துன்பத்துக்கும் எல்லாரும் சமமாகக் கடமைப்பட்டவர் அல்லர். எத்துன்பத்தின் விளைவால் ஒருவன் வாழ்கின்றானோ, எத்துன்பத்தைத் தடுக்க அவனுக்கு வலிமை உண்டோ, அத்துன்பம் பற்றிய செய்தி அவனைக் கட்டுப்படுத்தும். பிற உயிரின் நோயைத் தன் நோய்போற் பேணாதவிடத்து அறிவினால் ஆவது யாது என்னும் பொருளில் வள்ளுவர் எழுப்பிய வினாவும் இதுவே. அறிவை அவர் பழிக்கவில்லை; அறிவு எங்கே முற்றுப்பெறவேண்டும் என்பதையே சுட்டினார்.

அறிவு முற்றுப்பெறுதல் தனிமனிதர் நெஞ்சில் மட்டும் நிகழ்வதன்று என்பதை இந்துசமுத்திரத்தின் இரு நிகழ்ச்சிகள் உணர்த்துகின்றன. 1883 ஓகஸ்ட் 27ஆந் திகதி கிரக்கத்தோவா எரிமலை வெடித்துச் சிதறியபோது, பத்தாவியாவிலிருந்து சென்ற தந்தியினால் இலண்டன் பத்திரிகைகள் மறுநாளே அச்செய்தியை வெளியிட்டன. 121 ஆண்டுகளின் பின், 2004 டிசம்பர் 26ஆந் திகதி, சுமாத்திராவின் அருகே கடலடியிற் பூமி அதிர்ந்தது. ஏறத்தாழ 15 நிமிடங்களில் ஹவாயிலுள்ள பசுபிக் எச்சரிக்கை நிலையம் அவ்வதிர்ச்சியைப் பற்றி அறிவித்தது. இலங்கையின் கிழக்குக் கரையை அலை அடைய ஏறக்குறைய 2 மணித்தியாலங்கள் சென்றன. கல்கிசைக் கரையில் ஒளியிழை வடம் இருந்தது, தொலைபேசி இருந்தது, வானொலி இருந்தது. ஆயினும் கல்முனையிலும் முல்லைத்தீவிலும் அம்பாந்தோட்டையிலும் கரையில் நின்றவர்களுக்கு எச்சரிக்கை வரவில்லை. இந்நாட்டில் மட்டும் 30,000இற்கும் மேற்பட்டோர் மாண்டனர். பசுபிக் நாடுகளுக்கு இருந்த எச்சரிக்கை அமைப்பு இந்துசமுத்திர நாடுகளுக்கு அன்று இருக்கவில்லை. அறிந்தவர் இருந்தனர்; அறிவிக்கும் வழியும் இருந்தது; அறிவிக்கவேண்டியவர் யார், எவருக்கு என்னும் ஏற்பாடுதான் இல்லை. அத்தகைய அமைப்பு அவ்வழிவின் பின்னரே உருவாயிற்று. இங்கு எவரது நெஞ்சும் கல்லாயிருக்கவில்லை. கடமை எவரது கையிலும் ஒப்படைக்கப்படாது கிடந்தது என்பதே உண்மை.

1956இல் அத்திலாந்திக்கின் அடியில் முதலாவது தொலைபேசி வடம் இடப்பட்டது. 1988இல் அங்கு முதலாவது ஒளியிழை வடம் இயங்கத் தொடங்கியது. இன்று கண்டங்களுக்கிடையிலான தொடர்பின் மிகப் பெரும்பகுதி கடலடி வடங்களிலேயே ஓடுகின்றது. ஒரு காலத்தில் பேரரசுகளின் துணையுடன் கம்பெனிகள் இட்ட இவ்வடங்களில் இன்று கூகிள், மெற்றா போன்ற நிறுவனங்கள் பெரும் பங்குகொள்கின்றன. அவற்றில் ஓடும் செய்திகளை அரசுகள் ஒட்டுக்கேட்டமை 2013இல் வெளியாயிற்று. கருவி வளர்ந்துள்ளது, அதனைச் சூழ்ந்த வினாக்கள் 1877இல் நின்ற இடத்திலேயே நிற்கின்றன. கம்பி யாருடையது? அதிற் பேசும் வலிமை யாருக்கு உண்டு? கேட்டவர் யாது செய்யக் கடமைப்பட்டவர்?

தொகுத்து நோக்குமிடத்து, செய்தித்தொடர்பு மனிதனை நல்லவனாக்குவதில்லை. அவன் அறியாமையைச் சாட்டாகக் கூறும் வாய்ப்பை மட்டும் பறித்துக்கொள்கின்றது. அது சிறிய காரியமன்று. 1814இன் பின்னர் நியூ ஓர்லியன்சில் மாண்டவர்களுக்கு உலகம் தெரியாது எனக் கூறலாம். தென்னிந்தியாவில் மாண்டவர்களுக்கு அவ்வாறு கூற இயலாது. ஆயினும் சாட்டு நீங்கியதனால் மாத்திரம் கடமை நிறைவேறிவிடாது. கேட்டதைச் செயலாக்கும் சட்டமும், பேச வகையற்றவனின் குரலை ஏற்கும் அமைப்பும், விலைக்கும் இலாபத்துக்கும் மேலாக உயிரை வைக்கும் கொள்கையும் கம்பியுடன் கூடவே இடப்படல் வேண்டும். அவற்றை இடுவது பொறியியலாளர் பணியன்று. அது சமூகத்தின் பணி. அப்பணி இன்னும் நிறைவுறவில்லை.